காசு கேட்காத கணிதப் பெட்டி: ஸேஜ்மத்செல் வைத்துக் கட்டிய ஒரு சின்ன வெப்சைட்

இலங்கையின் மட்டக்களப்புப் பக்கம், களுவாஞ்சிகுடியில் வீட்டோடு சேர்த்து ஒரு கொட்டில் போட்டு உயர்தர இணைந்த கணிதம் படிப்பிக்கிறவள் நான். புரோகிராமர் இல்லை. கம்பஸில் படித்த காலத்தில் கொஞ்சம் பைத்தன் தொட்டிருக்கிறேன், அவ்வளவுதான். என்னிடம் வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைக்காரர். குருமண்வெளித் துறையில் பாதைக்கு, அதாவது வாவியைக் கடக்கிற மிதவைக்கு, காத்திருந்து வருகிறவர்கள். மாரி தொடங்கினால் எந்த நாள் வகுப்பு நடக்கும், எந்த நாள் நடக்காது என்று யாராலும் சொல்ல முடியாது. 2024 நவம்பர் வெள்ளத்தில் உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்தி டிசம்பரில்தான் திரும்பத் தொடங்கினார்கள். ரியூசன் கொட்டில் எம்மாத்திரம்?

கரும்பலகையைப் படம் எடுத்து வாட்ஸப்பில் போடலாம். வகையீட்டுக்கு அது போதும். எறியங்களுக்குப் போதாது. எறிகோணத்தைக் கூட்டினால் பாதை எப்படி எழும்புகிறது, எங்கே விழுகிறது என்பதைப் பிள்ளை தன் கையால் மாற்றிப் பார்க்க வேண்டும். அப்படி மாற்றிப் பார்க்கிற பக்கங்கள் கொண்ட ஒரு சின்ன வெப்சைட் எனக்கு வேண்டியிருந்தது, அதுவும் சல்லிக் காசு செலவில்லாமல். அதற்குள் நான் குடிவைத்த ஸேஜ்மத்செல், இணையப் பக்கத்துக்குள் கணக்குப் போட்டுத் தருகிற அந்த இலவசப் பெட்டி, எப்படிப்பட்ட சாமான் என்பதை, இதே யோசனையில் இருக்கிற மற்ற ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் பார்த்தது மெத்தமட்டிக்கா குடும்பம். 1988இல் வந்த கணித மென்பொருள், இந்தத் துறையில் பெரிய வீட்டுப் பிள்ளை. இன்றைக்கு அதன் கட்டளை மொழியான வொல்ஃப்ரம் மொழியில் ஒரு கட்டளை எழுதினால் போதும்: எண் போடும் கட்டம், அனுப்பும் பொத்தான், விடை வரும் இடம் எல்லாம் சேர்ந்த ஒரு இணையப் பக்கத்தை அதுவே அமைத்து வெளியில் வைத்துவிடும். வெப்சைட் கட்டுகிற வேலையையும் கணக்குப் பார்க்கிற வேலையையும் ஒரே கையால் முடிப்பதென்றால் இதை விட லேசான வழி எனக்குத் தெரியாது. ஆனால் பக்கம் அவர்களுடைய மேகத்தில்தான், அதாவது அவர்களுடைய சேர்வரில்தான், இருக்கும். இலவசக் கணக்குக்கு அளவும் கெடுவும் உண்டு, தாராளமாக வேண்டுமென்றால் டொலரில் கட்ட வேண்டும். டொலர் என்றவுடன் எனக்கு அந்தக் கதை முடிந்தது.

ஸேஜ்மத் அப்படியில்லை. வில்லியம் ஸ்டைன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் 2005இல் தொடங்கியது. மக்மா, மேப்பிள், மெத்தமட்டிக்கா, மட்லப் ஆகிய நாலு விலை உயர்ந்த மென்பொருள்களுக்கும் ஈடாக, எல்லோருக்கும் திறந்த, இலவசமான ஒன்று வேண்டும் என்பதுதான் அந்தத் திட்டத்தின் நோக்கம். எல்லாவற்றையும் புதிதாக எழுதிக்கொண்டிராமல், ஏற்கெனவே உலகத்தில் இருந்த நல்ல இலவச மென்பொருள்களைப் பைத்தனால் ஒன்றாகக் கோத்திருக்கிறார்கள். நீங்கள் தொகையிடச் சொன்னால் உள்ளே மக்சிமா வேலை செய்கிறது. அதன் மூதாதை 1960களின் கடைசியில் எம்.ஐ.ரி.யில் பிறந்தது. வரைபு கேட்டால் மட்பிளொட்லிப் வரைகிறது. இதை முழுதாகக் கணினியில் இறக்குவது பெரிய வேலை. பல ஜி.பி. பிடிக்கும், விண்டோஸில் என்றால் முதலில் லினக்ஸ் துணைத்தொகுதியைப் போட்டுக்கொள்ள வேண்டும். என் பழைய லப்டொப்பிடம் அதையெல்லாம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

ஸேஜ்மத்செல் அந்த முழு மென்பொருளுக்கு வைத்த ஒரு ஜன்னல். கணக்கு தூரத்தில் உள்ள சேர்வரில் நடக்கும். உங்கள் பக்கத்தில் ஒரு பெட்டி மட்டும் தெரியும். பெயர் பதிய வேண்டியதில்லை. ஒரு சாதாரண எச்.ரி.எம்.எல். பக்கத்தின் தலையில் அவர்களுடைய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை அழைக்கும் ஒரு வரி, பெட்டி எங்கே வர வேண்டும் என்று சொல்லும் இன்னொரு துண்டு, அதற்குள் உங்கள் கட்டளைகள். பொத்தானில் வரும் எழுத்தையும் நாமே மாற்றலாம். என் பக்கங்களில் அது ‘கணி’ என்றுதான் இருக்கிறது. பக்கங்களை, வெப்சைட் வைக்க இடம் தருகிற கிட்ஹப் பேஜஸில் வைத்தேன், அதுவும் இலவசம்.

இந்த இடத்தில் என் கட்சியைச் சொல்லிவிட வேண்டும். கணித மென்பொருளைக் கொண்டே முழு வெப்சைட்டையும் கட்டலாம் என்று பலரும் ஆசைப்படுகிறார்கள். நான் அதற்கு எதிர். பக்கம் வெறும் எச்.ரி.எம்.எல். ஆக இருக்கட்டும், பாடக்குறிப்பு, தமிழ் விளக்கம், படம் எல்லாம் அதில் இருக்கட்டும். கணக்குப் போட வேண்டிய இடத்தில் மட்டும் பெட்டியை வையுங்கள். அப்படி வைத்தால் சேர்வர் ஒரு நாள் படுத்தாலும் பிள்ளைக்குப் பாதிப் பாடமாவது கையில் இருக்கும். ஒவ்வொரு பெட்டிக்குக் கீழேயும் முன்கூட்டியே வரைந்த ஒரு படத்தை நான் வைத்திருப்பதும் இதற்குத்தான்.

எறியப் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸேஜ்மத்செல்லின் மதிப்பு எனக்குப் புரிந்ததே அங்கேதான். இன்ரரக்ட் என்று ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் எழுதிய சார்புக்கு மேலே அந்த ஒரு சொல்லை வைத்தால், சார்பு கேட்கிற ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நகர்த்தியோ கட்டமோ தானாக முளைக்கும். தொடக்கக் கதி, எறிகோணம் என்று இரண்டு வைத்தேன். புவியீர்ப்பு ஆர்முடுகலுக்கு நம் வினாத்தாள் பழக்கப்படி 10. கதி 20, கோணம் 30 பாகை என்று போட்டால் பாதை வரைந்து, கிடை வீச்சு 20√3 என்று காட்டும். 34.64 என்று காட்டாது. இணைந்த கணிதம் படிப்பிக்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். பரீட்சையில் விடை √3 உடன்தான் வர வேண்டும், பிள்ளைகள் போனில் உள்ள கல்குலேற்றரைத் தட்டித் தட்டித் தசமத்துக்குப் பழகிவிடுகிறார்கள். ஸேஜ் பின்னத்தைப் பின்னமாகவும் மூலத்தை மூலமாகவும் கடைசி வரை வைத்திருக்கும். நீங்கள் கேட்டால் மட்டும் தசமமாக்கும். இந்த ஒரு குணத்துக்காகவே இதைத் தூக்கி வைத்துக் கொண்டாடலாம்.

பிறகு 60 பாகை போட்டார்கள். அதே 20√3. “ரீச்சர், ரெண்டும் ஒரே இடத்துலதான் விழுகுது, இது பிழையா வேல செய்யுதா?” என்று மண்டூர்ப் பக்கத்துப் பொடியன் ஒருவன் குரல் பதிவு அனுப்பினான். பிழை இல்லை, வீச்சு இரட்டைக் கோணத்தின் சைனில் தங்கியிருக்கிறது, 60இன் சைனும் 120இன் சைனும் ஒன்று. இதைக் கொட்டிலில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! எழுதியபோது கேட்காத கேள்வியை, தானே எண் மாற்றிப் பார்த்தபோது கேட்டான். அதற்குப் பிறகு அதே படத்தில் ஐந்து பாகைக்கு ஒன்றாக எல்லாப் பாதைகளையும் சேர்த்து வரைய விட்டேன். எல்லாவற்றையும் மேலிருந்து மூடிக்கொண்டு இன்னொரு பரவளைவு தெளிவாகத் தெரிந்தது: உச்சி 20 மீற்றரில், நிலத்தைத் தொடுவது 40 மீற்றரில். அதன் சமன்பாட்டைக் கண்டுபிடி என்பதுதான் அந்த வார வீட்டு வேலை. கரும்பலகையில் இத்தனை பரவளைவுகளை வரைந்தால் என் கையும் போகும், சோக்கும் போகும்.

தொகையீட்டுப் பக்கம் வேறு விதம். அங்கே ஸேஜைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. எக்ஸின் கீழ் ஒன்றைத் தொகையிடச் சொன்னால் வெறும் லொக் எக்ஸ் என்று தரும். மட்டுக்குறி இல்லை, மாறிலி இல்லை. அதுவும் லொக் என்று எழுதினாலும் அது நாம் எழுதுகிற எல்.என்.தான், பத்தின் அடி இல்லை. தான்சன் (tan) எக்ஸைத் தொகையிட்டால் லொக் செக் எக்ஸ் என்கிறது. கணினி அப்படித் தந்தது என்று பிள்ளை அப்படியே எழுதினால் மாறிலிக்கு உள்ள புள்ளி போய்விடும். படிமுறையும் காட்டாது, நேரே விடைதான். விடை சரியா என்று பார்க்க இது கெட்டிக்காரன், எப்படி வந்தது என்று சொல்லிக்கொடுக்க லாயக்கில்லாதவன். அதனால் அந்தப் பக்கத்தில் பெட்டியை வேறு மாதிரி வைத்தேன்: பிள்ளை தன் விடையை உள்ளே போட்டால் பெட்டி அதை வகையிட்டு, கேட்ட சார்பு திரும்பி வருகிறதா என்று காட்டும். கொப்பி அடிக்க வழியில்லை, சரிபார்க்க வழியுண்டு.

தமிழ் எழுத்தில் ஒரு சிக்கல் உண்டு, இதை முன்பே தெரிந்துகொண்டால் உங்கள் நேரம் மிச்சம். வரைபுக்குள்ளே அச்சின் பெயரைத் தமிழில் போட்டால் எழுத்துக்குப் பதில் வெறும் சதுரங்கள் வரும். மட்பிளொட்லிப்போடு வருகிற தேஜாவு எழுத்துருவில் தமிழ் இல்லை. தமிழ் எழுத்துருவை எப்படியாவது உள்ளே கொண்டுவந்தாலும், கொம்பும் காலும் உரிய இடத்தில் உட்கார வேண்டுமே, அப்படி எழுத்துகளைக் கோக்கிற வேலையை அது காலங்காலமாகச் செய்ததில்லை. நான் செய்தது இதுதான்: வரைபுக்குள் வெறும் எண்கள் மட்டும். கிடைத்தூரம், உயரம் என்ற பெயர்களை வரைபுக்கு வெளியே எச்.ரி.எம்.எல். பக்கத்தில் போட்டேன். நகர்த்திகளின் பெயர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றை பிரவுசர்தான் எழுதுகிறது, ‘தொடக்கக் கதி’ என்று அழகாக வரும்.

போனில் பாவிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், என் பிள்ளைகளில் லப்டொப் உள்ளவர்கள் மிகக் குறைவு. கட்டளை எழுதும் பெட்டியைப் போனில் திறந்துவிட்டால் தொல்லைதான். விசைப்பலகை முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும், ஸேஜுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு, உடனே சிவப்பில் ஒரு முழப் பிழைச்செய்தி. அமைப்பில் எடிற்றரை மறைக்க ஒரு வழி இருக்கிறது, மறைத்து விடுங்கள். பிள்ளைக்கு நகர்த்தியும் கட்டமும் ‘கணி’ பொத்தானும் போதும். பக்கம் திறந்தவுடனே தானாகக் கணிக்கும்படி வைக்கவும் முடியும். நான் வைக்கவில்லை. இலவசமாக ஓடுகிற சேர்வரை, பார்க்காத பக்கத்துக்கெல்லாம் ஓடவிடுவது நியாயமில்லை.

பெரிய குறை வேகம். நகர்த்தியை ஒரு தடவை இழுத்தால் எண் சேர்வருக்குப் போய், அங்கே படம் வரைந்து, திரும்பி வர வேண்டும். பட்டிருப்புச் சந்திப் பக்கம் சிக்னல் நன்றாக இருக்கிற இடத்தில் பொறுத்துக்கொள்ளலாம். வெல்லாவெளிக்கு உள்ளே போனால் நகர்த்தி ஒரு இடத்தில், படம் இன்னொரு இடத்தில். கொஞ்ச நேரம் பேசாமல் விட்டால் சேர்வர் தொடர்பை விட்டுவிடும், திரும்ப ‘கணி’யைத் தட்ட வேண்டும். ஓசியில் கிடைக்கிற கணிப்புக்கு இப்படி ஒரு கால எல்லை இருப்பது நியாயம்தான், ஆனாலும் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும். இருபடிச் சார்பின் வரைபு, தொடலியின் படித்திறன் போன்ற வெறும் இழுத்துப் பார்க்கும் பக்கங்களை நான் ஜியோஜீப்ராவில் செய்தேன். 2001இல் ஒஸ்திரியாவில் மார்க்கஸ் ஹோஹென்வார்டர் தொடங்கிய அந்த மென்பொருள் போனின் பிரவுசருக்குள்ளேயே ஓடுகிறது, பக்கம் ஒருமுறை இறங்கிவிட்டால் இழுக்க இழுக்க வளைவு கூடவே வரும். டேற்றாவும் மிச்சம். இழுத்துப் பார்க்க ஜியோஜீப்ரா, துல்லியமான விடைக்கு ஸேஜ். இரண்டையும் ஒன்றோடொன்று போட்டி போட வைப்பதில் அர்த்தமில்லை.

இவ்வளவும் பிள்ளைகளுக்கு. அப்பாவுக்கென்று ஒரு பக்கம் கட்ட வேண்டி வந்தது. படுவான்கரையில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. எந்தக் கண்டமும் சதுரமில்லை, வாய்க்கால் போன போக்கில் வரம்பு. குத்தகைக்குக் கொடுக்கும்போதும் விதை நெல் எடுக்கும்போதும் இது எத்தனை ஏக்கர் என்ற வாக்குவாதம் வரும். நாலு பக்கத்தையும் ஒரு மூலைவிட்டத்தையும் அடியில் அளந்தால் போதும். இரண்டு முக்கோணம், இரண்டுக்கும் ஹீரோனின் சூத்திரம். பிறகு ஏக்கர், றூட், பேர்ச் என்று உறுதியில் எழுதுகிற முறையில் பிரிக்க வேண்டும். ஏக்கருக்கு 4 றூட், றூட்டுக்கு 40 பேர்ச், பேர்ச்சுக்கு 272.25 சதுர அடி. ஒரு முக்கோணத்துக்கு 252, 287, நடுவில் மூலைவிட்டம் 301, மற்றப் பக்கம் 248, 256 என்று போட்டால் 1 ஏக்கர் 1 றூட் 34.4 பேர்ச் என்று வரும். ஏக்கருக்கு எத்தனை புசல் விதைப்பது என்ற எண்ணை அவரவரே போட்டுக்கொள்ள ஒரு கட்டம் வைத்தேன், அதில் ஆளுக்கு ஆள் கொள்கை வேறு.

இங்கே ஸேஜின் ஒரு வேடிக்கையான குணம் தெரிந்தது. மூலைவிட்டத்தை மற்ற இரண்டு பக்கங்களின் கூட்டுத்தொகையை விடக் கூட்டிப் போட்டால் முக்கோணமே கிடையாது. சாதாரண கல்குலேற்றர் பிழை என்று சொல்லி நின்றுவிடும். ஸேஜ் நிற்காது. மறை எண்ணின் வர்க்கமூலம்தானே, எனக்கென்ன என்று ஐ சேர்த்துச் சிக்கலெண்ணில் ஒரு பரப்பைத் தந்துவிடும். அப்பா பார்த்துவிட்டு, “இதென்ன புள்ள, வயலுக்குப் பின்னால ஒரு ‘ஐ’ நிக்குது, ஆர்ர காணி அது?” என்று கேட்டார். முக்கோண நிபந்தனையைச் சோதித்து, ‘அளவு சரியில்லை, மூலைவிட்டத்தைத் திரும்ப அளவுங்கள்’ என்று தமிழில் சொல்லும் வரியை நாமேதான் சேர்க்க வேண்டும். கணித மென்பொருளுக்குக் கணிதம் தெரியும், காணி தெரியாது. அந்தப் பக்கத்தின் அடியில் ‘இது மதிப்பீடு மட்டும், உறுதி எழுத நில அளவையாளரின் படம் வேண்டும்’ என்றும் போட்டு வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் காணிச் சண்டை எப்படித் தொடங்கும் என்று தெரிந்தவர்களுக்கு ஏன் என்று விளங்கும்.

உண்மையைச் சொன்னால் இந்த வயல் கணக்குக்கு ஸேஜ் தேவையே இல்லை. வெறும் ஜாவாஸ்கிரிப்டில் கொஞ்ச வரிகளில் எழுதினால் சிக்னல் இல்லாத வட்டையிலும் ஓடும். ஸேஜில் முதலில் எழுதிச் சரிபார்த்தது நல்லதாகப் போயிற்று, சூத்திரம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. இப்போது அந்தப் பக்கத்தை ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஆக, யார் எடுக்கலாம்? இணைந்த கணிதமோ கம்பஸ் முதல் வருடக் கணிதமோ படிப்பிக்கிறவர், பைத்தனில் நாலு வரி எழுதப் பயமில்லாதவர் என்றால் யோசிக்காமல் எடுங்கள். பத்துக்கு எட்டுக் கொடுப்பேன். ஒரு புள்ளி வேகத்துக்குக் கழித்தது, இன்னொன்று வரைபுத் தமிழுக்கு. ஒன்பதாம் பத்தாம் வகுப்புக் கணிதத்துக்கு ஜியோஜீப்ரா போதும். கடைக்கோ கோயில் திருவிழாவுக்கோ வெப்சைட் வேண்டுமென்றால் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். பிள்ளைகளின் பெயர், புள்ளி விவரம் எதையும் பெட்டிக்குள் போடாதீர்கள், அதற்குள் எழுதுவது எல்லாம் இன்னொருவருடைய சேர்வருக்குப் போகிறது.

தொடங்குகிறவர்கள் எறியத்தில் தொடங்குங்கள். நகர்த்தி இரண்டு, வரைபு ஒன்று, கீழே வீச்சு மூலக்குறியோடு. அது ஓடினால் மிச்சத்தைப் பிள்ளைகளே கேட்டு வாங்குவார்கள். என்னிடம் இப்போது சாய்தளத்தில் எறிவதற்கு ஒரு பக்கம் கேட்டு நிற்கிறார்கள்.